ஞாயிறு நீங்கலாக

குருவம்மா தன் முதலாளியின் வீட்டுக் காலண்டரிலிருந்து ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் உருவி, சேலை மடிப்புக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, அவள் புருஷன் அய்யனார் செத்து நூற்றுப்பத்து நாள் ஆகியிருந்தது.

சிவகாசியில் சாத்தூர் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் காலண்டர் அச்சகத்தில் முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். முதலாளி பெயர் ஞானசிகாமணி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஞாயிறு காலை ஐந்தரை மணி ஆராதனைக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கும்படி பிரசங்கம் கேட்டு, எட்டு மணிக்கெல்லாம் இடுப்புக் கயிற்றில் கட்டிய சாவியை எடுத்துத் தன் கையாலேயே அச்சகத்தின் பூட்டைத் திறந்துவிடுகிற மனிதர். முதலில் சீசன் என்று சொல்லி ஆவணியிலிருந்து மார்கழி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமையை எடுத்தார். பிறகு சீசன் முடிந்தும் திருப்பித் தரவில்லை. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு ஒரு நாள் ஓய்வாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அந்த நாளைத்தான் அவர் எடுத்திருந்தார்.

அய்யனார் நாக்பூர் லோடு லாரி ஓட்டினான். திங்கள் கிளம்பினால் சனி சாயங்காலம்தான் வருவான். ஆகவே குருவம்மாவின் பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தது: காலையில் அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், பதினோரு மணிக்குக் கறி வாங்கி வருவான், சாப்பிட்டதும் ஒரே பாயில் ஆளுக்குப் பாதியாகப் படுத்து, வாரம் பூராவும் சேர்த்துவைத்த பேச்சைப் பேச ஆரம்பித்து, பாதியிலேயே தூங்கிப்போய், விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து மிச்சத்தைப் பேசுவார்கள். இரண்டு வருஷமாக அதுவும் இல்லை.

ஆவணி கடைசி ஞாயிறு காலையில் அவன் நெஞ்சு கரிக்கிறது என்றான். குருவம்மா அச்சகத்துக்குப் போய் அரை நாள் லீவு கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைய செய்ற ஆளுங்க நீங்க," என்றார் ஞானசிகாமணி, புரூஃப் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு எதுக்குத்தா ஞாயித்துக்கிழமை? சாயங்காலம் போயி ஒரு சோடா வாங்கிக் குடு, சரியாப் போகும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் சொன்னால் சிரிப்பது வழக்கம். அச்சக கேட்டில் வேலைக்கு வருகிறவர்களின் போன்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பார்கள். சாயங்காலம் வாங்கிப் பார்த்தபோது அய்யனார் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தான். வீட்டுக்கு ஓடினாள். அவளுக்குப் பாதிப் பாயை விட்டு, மீதிப் பாதியில் ஒருக்களித்துப் படுத்த வாக்கில் கிடந்தான். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

குருவம்மா அழுதது மூன்று நாள். நான்காம் நாள் வேலைக்குப் போனாள்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சீசனின் கடைசி உருப்படியாக முதலாளி வீட்டுக்கு ஒரு காலண்டர் தனியாகத் தயாராகும், நல்ல தாளில், அவர் பெயரைத் தங்க எழுத்தில் போட்டு. அதைத் தேதி வாரியாகச் சேர்த்து, மேலே தகரப் பட்டி வைத்து அடிக்கிற வேலை, கை சுத்தமான ஒருத்திக்குத்தான் கொடுக்கப்படும். பதினோரு வருஷமாக அந்தக் கை குருவம்மாவுடைய கை. இந்த வருஷமும் அவள்தான் சேர்த்தாள். சனிக்கு மேல் திங்களை வைத்துத் தட்டி ஒழுங்குபண்ணும்போது எதிர்மேசையில் இருந்த சிந்தாமணி பார்த்துவிட்டாள். சிந்தாமணிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ மதினி, செவப்புத் தாளையெல்லாம் என்னத்துக்கு உருவுற?"

"அண்ணாச்சிக்கு வேண்டியதில்ல."

சிந்தாமணி வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "உருவுறதுதான் உருவுற, பொங்கல் லீவையும் சேத்து உருவு," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

ஜனவரி முதல் தேதி காலையில் ஞானசிகாமணி குளித்து, ஜெபம் பண்ணி, வீட்டாரெல்லாம் பார்த்திருக்க முதல் தாளைத் தன் கையால் கிழித்தார். அந்த வாரக் கடைசியில், மற்ற எல்லோருக்கும் வந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மட்டும் வரவில்லை. அவர் வீட்டுக்கும் வரவில்லை.

முதலில் பார்த்தவர் பால்காரர். காலை ஆறு மணிக்கு இரண்டு மாடி வீடும் காம்பவுண்டு சுவரும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிலம் இருந்தது, கொஞ்சம் அருகம்புல் இருந்தது, நடுவில் வீடு கட்டும்போது வெட்டிப்போட்ட வேப்பமரம் முழுசாக நின்றது. அவர் பாலை அடுத்த வீட்டில் கொடுத்து, "நாளைக்கு வந்தா குடுத்துருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு மணிக்கு அச்சக வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். பூட்டைத் திறக்க ஆள் வரவில்லை. சாவி அண்ணாச்சியின் இடுப்பில், அண்ணாச்சி வீட்டில், வீடு சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் எங்கோ. தேடிப்போன கூட்டம் வெற்றிடத்தைப் பார்த்தது. மரத்தைப் பார்த்தது. நிழல் நன்றாக இருந்ததால் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை காலை வீடு இருந்த இடத்தில் வீடு இருந்தது. ஞானசிகாமணி சனிக்கிழமை இரவு படுத்து இப்போதுதான் எழுந்திருந்தார்.

"என்ன, நேத்து அடுக்குன கட்டெல்லாம் அப்படியே கெடக்கு?" என்றார் அச்சகத்தில்.

"நேத்து ஞாயித்துக்கிழமைல்லா அண்ணாச்சி," என்றாள் சிந்தாமணி. "நீங்க வரல."

"நேத்து சனிக்கிழமை."

"உங்களுக்குச் சனிக்கிழமை. எங்களுக்கு ஞாயிறு வந்துட்டுப் போச்சு."

அவர் வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தார். சனிக்குப் பிறகு திங்கள். தாள்களைத் தள்ளிப் பார்த்தார், வருஷம் பூராவும் அப்படித்தான். விஷயம் அதே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்தது, யாரும் வாயைப் பிளக்கவில்லை. இது காலண்டர் செய்கிற ஊர். ஒரு வருஷத்தின் முதல் தாளை எவர் கிழித்தாரோ அவருக்கு அந்த வருஷம் அந்தக் காலண்டர்தான், அதை மாற்ற முடியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஞானசிகாமணி அதை எரித்துவிட்டு வேறு காலண்டர் வாங்கி மாட்டினார். அடுத்த ஞாயிறும் வேப்பமரம் வந்து நின்றது. குற்றாலத்துக்குப் போய் லாட்ஜில் தங்கிப் பார்த்தார், ஞாயிறு காலை லாட்ஜுக்காரர் பன்னிரண்டாம் நம்பர் அறை இருந்த இடத்தில் வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். போலீசுக்கும் போனார்.

"என்ன திருடு போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஞாயித்துக்கிழமை."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "சார், அது இந்த ஸ்டேஷன்லயே பதினாறு பேருக்குக் கெடையாது. நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?"

கிராம நிர்வாக அலுவலர் ஒரு ஞாயிறு வந்து நிலத்தை அளந்தார். திங்கள் வந்து வீட்டை அளந்தார். இரண்டும் சரியாக இருந்ததால், மேற்படி இடத்தில் மேற்படி கட்டடம் உள்ளது, ஞாயிறு நீங்கலாக, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகை ஆறாம் பக்கத்தில், கிணற்றில் விழுந்த மாட்டை மீட்ட செய்திக்குக் கீழே, நான்கு வரி போட்டது.

இதற்குள் அந்த இடத்துக்கு ஒரு நடைமுறை வந்துவிட்டது. காலையில் முதலில் ஆடுகள் வரும். ஒன்பது மணிக்குப் பெண்கள் பாய்களோடும் தூக்குச்சட்டிகளோடும் வருவார்கள். முதல் சில வாரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் உதிர்ந்த வேப்பிலைகளைப் பொறுக்கி, நூறு நூறாகத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ஒரே அச்சகத்தில் எட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்ற இரண்டு பேர், தங்கள் இருவருக்கும் ஒரே ஊரில் பெண்ணெடுத்திருக்கிறது என்று அங்கே வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். கட்டிங் மிஷின் சங்கிலிமாடன் தன் மகளுக்கு இடது கையில் எழுதுகிற பழக்கம் என்பதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தான், மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தலைவாரிவிடுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், போட்ட சண்டையைச் சமாதானம் பண்ணுகிறவர்கள், ஒன்றும் செய்யாமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் என்று வெயில் தாழும்வரை இருந்துவிட்டுப் போவார்கள்.

குருவம்மா மரத்தடியில் பாயை விரித்துப் பாதியில் படுப்பாள். தூக்கம் வராது. ஞானசிகாமணியின் வரவேற்பறை இருக்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் அவர் இல்லை என்பதை, தலைக்கு மேல் கிளையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வாரமும் ஒரு பகல் முழுக்க அனுபவிப்பாள். எடுத்து வந்த ஐம்பத்திரண்டு தாளில் வாரத்துக்கு ஒன்றை அடுப்புப் பற்றவைக்கப் போட்டாள். நல்ல தாள், நின்று எரிந்தது.

ஞானசிகாமணிக்கு ஆரம்பத்தில் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. ஓய்வெடுத்துப் பழகாதவர், ஓய்வுநாள் போனதை எப்படிக் கவனிப்பார்? ஆனால் திங்கட்கிழமைகள் அவரை அரித்தன. அவர் உள்ளே நுழையும்போது மேசைகளில் பாதிச் சிரிப்பு நிற்கும், "நேத்து அவ சொன்னதுக்கு…" என்று ஆரம்பித்த பேச்சு அவரைக் கண்டதும் அடங்கும். அந்த நேற்று அவரிடம் இல்லை. தங்கச்சி மகன் கல்யாணம் ஒரு ஞாயிறு முடிந்துபோனது. பேரனுக்கு ஞானஸ்நானம் ஒரு ஞாயிறு கொடுத்தார்கள், அவனுக்கு வைத்த பெயரை அவர் மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோவில் அசன விருந்தில் இருபத்திரண்டு வருஷமாக முதல் அகப்பைச் சோறு எடுத்துப் போட்டது அவர் கை. இந்த வருஷம் அவருடைய மச்சான் எடுத்துப் போட்டார், சோறு நன்றாகத்தான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு நாளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்ததில் அவருக்குக் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி புஷ்பலீலா குருவம்மா வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

"நான் உனக்கு என்னத்தா பண்ணேன்?" என்றாள், வாசலில் நின்றபடியே. "மூணு மாசமா நான் கோவிலுக்குப் போகல. என் பேரன் தலையில தண்ணி ஊத்தும்போது நான் எங்க இருந்தேன்னு எனக்கே தெரியல."

குருவம்மா உள்ளே வரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. மொதத் தாளக் கிழிச்சது நீங்க இல்லேல்ல?"

"அவுகதான். என்னையெல்லாம் எங்க கிழிக்க விடுவாக."

"அப்போ உங்களுக்கு ஒண்ணும் கெடையாது. சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டுல இருக்காதீங்க. இங்க வந்து படுங்க. ஞாயிறு உங்களுக்கு வந்துரும்."

"அவுகளுக்கு?"

"அவுகளப் பத்திப் பேசுறதா இருந்தா தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்புங்கக்கா."

புஷ்பலீலா கிளம்பவில்லை. அந்தச் சனிக்கிழமை தலையணையோடு வந்தாள். காலையில் கோவிலுக்குப் போனாள், அங்கிருந்து நேரே வேப்பமரத்தடிக்கு வந்தாள். தன் சமையலறை எங்கே இருந்திருக்கும் என்று அடி வைத்து அளந்து பார்த்தாள். அடுப்பு மேடை இருந்த இடத்தில் ஓர் ஆடு நின்று புழுக்கை போட்டது. முப்பத்தொரு வருஷம் துடைத்த மேடை. புஷ்பலீலா சிரிக்க ஆரம்பித்தாள், சிந்தாமணி வந்து முதுகைத் தடவிவிடுகிற அளவுக்குச் சிரித்தாள். அதன்பிறகு ஒரு வாரமும் தவறவில்லை.

ஆவணி பிறந்து சீசன் தொடங்கியதும் ஞானசிகாமணி சேர்ப்பு மேசைக்கே வந்தார். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"மிச்சத் தாளக் குடுத்துரு குருவம்மா."

"எரிஞ்சது போக இருக்கு அண்ணாச்சி. தாரேன். எங்க வீட்டுக்காரரு எந்தக் கெழமை செத்தாரு?"

"ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயிறு?"

அவர் யோசித்தார். சீசன் நேரம் என்று நினைவிருந்தது. லோடு நிறைய இருந்த வாரம் என்று நினைவிருந்தது. விரல் விட்டுப் பார்த்தார். முந்நூறு பேரும் அந்த விரல்களைப் பார்த்தார்கள்.

"புரட்டாசியில… ரெண்டாவது ஞாயிறா?"

குருவம்மா தன் கையில் இருந்த கட்டைத் தட்டி ஒழுங்குபண்ணினாள். "தப்பு," என்றாள். "வேற சோலி இருந்தாப் பாருங்க."

"ஒன்னைய நாளையிலருந்து நிப்பாட்டிருவேன்."

"நிப்பாட்டுங்க. நின்னுக்கிடுதேன். தாளு எங்கிட்டதான் இருக்கும்."

அவர் நிப்பாட்டவில்லை. ஆவணி கடைசி ஞாயிறு, அய்யனாரின் முதல் திவசம், மரத்தடியில் நடந்தது. மற்ற நாளில் ஞானசிகாமணியின் கட்டில் தலைமாடு இருக்கிற இடத்தில் இலை போட்டுச் சோறு வைத்தார்கள்.

ஆனால் மார்கழி நெருங்க நெருங்க குருவம்மாவுக்கு ஒரு பயம் வந்தது. வருஷம் முடிந்தால் இந்தக் காலண்டரும் முடியும். அடுத்த வருஷத்துக் காலண்டரில் ஞானசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறும் இருக்கும், வீடு இருக்கும், சாவி இருக்கும், எட்டு மணிக்குப் பூட்டுத் திறக்கும். முந்நூறு பேரும் மறுபடியும் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். அய்யனார் மட்டும் செத்தது செத்ததாகவே இருப்பான். ஒரு வருஷம் பழிவாங்கி என்ன கண்டோம் என்று சிந்தாமணியிடம் கேட்டாள். சிந்தாமணி தன் தூக்குச்சட்டியைத் திறந்து அவளுக்குக் கொஞ்சம் சோறு எடுத்து வைத்தாள்.

அவள் நினைத்தது போலவே ஞானசிகாமணி அந்த முறை வீட்டுக் காலண்டரை எவர் கையிலும் கொடுக்கவில்லை. தானே சேர்க்கப்போவதாகச் சொல்லி மேசைக்கு வந்து நின்றார். முப்பது வருஷம் காலண்டர் தொழில், ஒரு காலண்டரைச் சேர்த்ததில்லை. ஒரு தாளை எடுக்கப் போய் நான்கு தாள் வந்தது. எச்சில் தொட்டார், தாள் ஒட்டியது. நாலு மணி நேரத்தில் தோள்பட்டை இறங்கிப்போனது, நாற்காலி கேட்டார், மேசை உயரத்துக்கு நாற்காலி அங்கே எப்போதும் கிடையாது. பெண்கள் தங்கள் கட்டுகளைப் பார்க்காமலேயே தட்டி அடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர் ஆவணி மாதத்துக்கு வந்தார். சிவப்புத் தாள் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். கடைசிச் சிவப்புத் தாளின் மேல் குருவம்மாவின் கை வந்து படிந்தது.

"இதுதான் அண்ணாச்சி அந்த ஞாயிறு," என்றாள். "இது எனக்கு."

அவர் அவளைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். பிறகு தன் விரல்களை அந்தத் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். குருவம்மா தாளை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். அது ஒரு நாள்தான். மீதி ஐம்பத்தொன்றும் அவரிடம் போய்விட்டன.

ஜனவரியின் முதல் ஞாயிறு ஞானசிகாமணி ஐந்து மணிக்கே எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தது. பழக்கமான அந்த வெளிச்சம், கோவில் மணி எல்லாம் இருந்தது. புஷ்பலீலா மட்டும் வழக்கம்போலச் சனிக்கிழமையே தலையணையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஆராதனைக்குப் போனார், பிரசங்கம் கேட்டார், எட்டு மணிக்குப் போய் அச்சகத்தின் பூட்டைத் திறந்தார். உள்ளே போய் விளக்கெல்லாம் போட்டார். ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. கேட்டில் போன் வாங்கிப் போடுகிற டப்பா காலியாக இருந்தது. வாட்ச்மேன்கூட வரவில்லை. பதினொன்றரைக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் ஆடுகள் நின்றன. செருப்புகள் தெருவரைக்கும் கிடந்தன. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வந்து பழகியவர்கள் அன்றைக்கும் பாயோடும் தூக்குச்சட்டியோடும் வந்திருந்தார்கள், மரம் இல்லை வீடு இருக்கிறது என்று பார்த்திருந்தார்கள், புஷ்பலீலா கதவைத் திறந்துவிட்டிருந்தாள். சோபாவில் நான்கு பேர் தலைவாரிக்கொண்டிருந்தார்கள். சங்கிலிமாடனின் மகள் சாப்பாட்டு மேசையில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். மாடிப்படி முழுக்க ஆள். சமையலறையில் கறி வெந்துகொண்டிருந்தது.

"இது என் வீடு," என்றார் ஞானசிகாமணி.

"இல்லைன்னு யாரு சொன்னா அண்ணாச்சி," என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த சிந்தாமணி. "மத்த ஆறு நாளும் உங்க வீடுதான்."

"லீலா."

புஷ்பலீலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சத்தம் போடாதீக," என்றாள். "அவ இப்பத்தான் கண்ணசந்தா."

வரவேற்பறையின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே, குருவம்மா பாயின் பாதியில் படுத்திருந்தாள். பதினைந்து மாதமாக எந்த ஞாயிறும் வராத தூக்கம் வந்திருந்தது, அவள் புருஷனைக் கொன்ற மனிதனின் கூரைக்குக் கீழே, அவன் காசில் ஓடுகிற காற்றில். மீதிப் பாதியை யாரும் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ஞானசிகாமணி உட்கார இடம் தேடினார். கண்ணுக்கு எட்டியவரை இல்லை. நகர்ந்து உட்காருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த ஞாயிற்றுக்கிழமையை, சொந்த வீட்டு வாசலில், ஆடுகளுக்கு நடுவில், கையில் சாவியோடு நின்றே கழித்தார்.

மூன்று மணி வாக்கில் குருவம்மா ஒரு தடவை கண் விழித்தாள். வாசலில் வெயிலில் அவர் இன்னும் நிற்பதைப் பார்த்தாள். பொழுது நிறையக் கிடந்தது. புரண்டு படுத்தாள்.